டாக்டரிடம் சொன்னது வெளியே போகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு நகரம் ஒன்றில் பல வருடங்களாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். "இது வீட்டுக்குத் தெரிய வருமா டாக்டர்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்களைப் பார்க்காத வாரமே இல்லை. கேட்காமலேயே மறைத்துவிட்டுப் போகிறவர்கள் அதைவிட அதிகம். குடிப்பதை மறைப்பார்கள், சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து சாப்பிட்டதை மறைப்பார்கள், எப்போதோ கருவைக் கலைத்ததை மறைப்பார்கள். பாதி தெரிந்து எழுதும் மருந்துச் சீட்டு அவர்களைத்தான் பாதிக்கும். அந்தப் பயம் கொஞ்சமாவது குறையட்டும் என்றுதான் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் என்று சொல்வதெல்லாம் இந்தியச் சட்டம்.

1. டாக்டர்கிட்ட சொல்றது ரகசியமா இருக்கணும்னு சட்டம் இருக்கா, இல்ல சும்மா ஒரு மரியாதைக்குத்தானா?

இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், தொழில் வழியாகத் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது என்கின்றன. மீறினால் அது தொழில் ஒழுங்கீனம். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் வரை போகலாம். 2020இல் அந்தக் கவுன்சில் போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. ஆணையம் 2023 ஆகஸ்ட்டில் புதிய விதிகளை அறிவித்து, அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. அதனால் பழைய 2002 விதிகளே மறுபடி நடைமுறைக்கு வந்தன.

விதிவிலக்கு மூன்று. நீதிபதி உத்தரவிட்டால் சொல்ல வேண்டும்; குறிப்பிட்ட ஒருவருக்கோ ஊருக்கோ கடுமையான ஆபத்து இருந்தால் சொல்லலாம்; அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களைத் தெரிவிக்க வேண்டும். கணவர், மாமியார், அண்ணன், முதலாளி என்ற சொற்கள் அந்தப் பட்டியலில் இல்லை. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது.

2. ஓ.பி.யில பத்துப் பேர் நிக்கிறாங்க. அவங்க முன்னாடியே "மாதவிடாய் எப்ப வந்துச்சு"ன்னு கேட்கிறாங்க. என்ன பண்றது?

ரகசியம் முதலில் கசியும் இடம் இதுதான். டாக்டர் மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், அதில் நீங்கள். உங்கள் தோளை ஒட்டி அடுத்த டோக்கன்காரர் சீட்டை நீட்டியபடி நிற்பார். கதவு திறந்தே கிடக்கும். வாசலில் நர்ஸ் "சுகர் புண்ணுக்குக் கட்டுப் போட வந்தது யாரு?" என்று கூப்பிடுவார். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக உங்கள் தெருக்காரரும் உட்கார்ந்திருப்பார்.

நீங்கள் செய்யக்கூடியது: உட்கார்ந்ததும் "கொஞ்சம் தனியாப் பேசணும் டாக்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் அடுத்தவரை வெளியே நிற்கச் சொல்வார்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். அப்படி எழுதிக் கொண்டுவரும் பெண்கள் என்னிடம் நிறையப் பேர் உண்டு, அது எனக்கும் வேலையை எளிதாக்குகிறது. அரசு மருத்துவமனைக் கூட்டத்தில் அறை கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் ஒரு திரைச்சீலையும் தணிந்த குரலும் அங்கேயும் முடியும்.

3. நான் பேச ஆரம்பிச்ச உடனே டாக்டர் குறுக்கே பேசிடுறார். முழுசாச் சொல்லவே விடமாட்டேங்கிறார்.

இது உலகம் முழுக்க உள்ள குறை. 1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிட்டது பதிவானது. 2017இல் 67 நாடுகளின் தகவல்களைத் தொகுத்த இன்னொரு ஆய்வில், ஒரு நோயாளிக்கு மருத்துவர் ஒதுக்கும் நேரம் ஸ்வீடனில் இருபது நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 வினாடி, இந்தியாவில் ஏறக்குறைய இரண்டு நிமிடம். இந்த இரண்டு நிமிடத்துக்குள் விசாரிப்பு, பரிசோதனை, சீட்டு எல்லாம் முடிய வேண்டும்.

நேரம் இல்லை என்பது காரணம்தான். ஆனால் அதையே சாக்காகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. இடையில் பேசாமல் விட்டால் பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு யோசனை: எது உங்களை அதிகம் பயமுறுத்துகிறதோ அதை முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். இருமல், சளி, அசதி என்று ஆரம்பித்து, எழுந்து கதவருகே போய்த் திரும்பி "அப்புறம் டாக்டர், மார்ல ஒரு கட்டி மாதிரி இருக்கு" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கட்டிதான் முதலில் வந்திருக்க வேண்டும்.

4. "கோபக்காரர், ஆனா கைராசிக்காரர்"னு சொல்றாங்க. திட்டுற டாக்டர்கிட்டப் போகலாமா?

திட்டுவது திறமைக்கு அடையாளம் என்று எப்படியோ நம் ஊரில் ஒரு நம்பிக்கை ஊன்றிவிட்டது. "ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க, படிச்சவங்கதானே?" என்று ஒரு முறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை இன்னும் தாமதமாகத்தான் வருவார், அல்லது வந்தும் பாதியை மறைப்பார். சர்க்கரை அளவு 320 காட்டும்போது "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறேன்" என்று சொல்ல வைப்பது அந்தப் பயம்தான். அதை நம்பி மருத்துவர் மாத்திரையைக் கூட்டி எழுதுவார். பயந்துபோன நோயாளி ஒரு நாள் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார்.

1997இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வில், நோயாளிகள் தொடுத்த வழக்கே சந்திக்காத பொது மருத்துவர்கள் நோயாளியைப் பேசத் தூண்டினார்கள், அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிச் சொல்லிச் செய்தார்கள், கொஞ்சம் சிரிக்கவும் செய்தார்கள் என்று தெரிந்தது. இங்கேயும் 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நடத்தை, அறம், உரையாடல் என்று ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். வேறு வழி இருந்தால், உங்களை வாய் திறக்க விடாத மருத்துவரை மாற்றிக்கொள்ளுங்கள். அதில் தவறே இல்லை.

5. ஆம்பள டாக்டர் சோதிக்கும்போது கூட ஒரு பொம்பள இருக்கணும்னு கேட்கலாமா? தப்பா நினைச்சுக்குவாரா?

தாராளமாகக் கேட்கலாம். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் வரைந்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இது இருக்கிறது. நர்ஸோ, உங்களோடு வந்த பெண்ணோ இருக்கலாம். ஒழுங்கான மருத்துவர் நீங்கள் கேட்கும் முன்பே நர்ஸைக் கூப்பிடுவார். அது அவருக்கும் பாதுகாப்பு.

6. நான் கருத்தடை மாத்திரை சாப்பிடுறது வீட்டுக்காரருக்குத் தெரியாது. டாக்டர் சொல்லிடுவாரா? கலைக்கணும்னா அவர் கையெழுத்து வேணுமா?

சொல்லக் கூடாது, முதல் கேள்வியின் பதிலைப் பாருங்கள். கையெழுத்தைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். மனநலம் பாதிக்கப்பட்டவராக இருந்தால்தான் பாதுகாவலர் சம்மதம் தேவை. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்று மருத்துவமனைகள் கேட்பது பழக்கத்தால், பின்னால் தகராறு வருமோ என்ற பயத்தால்.

2021இல் வந்த திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையோ விவரத்தையோ, சட்டம் அனுமதித்தவரைத் தவிர வேறு யாரிடமும் மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். நானும் மருத்துவன்தான், இந்தத் தண்டனை தேவை என்றே நினைக்கிறேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையே அந்த ஒரு தகவலில் கவிழ்ந்துவிடக்கூடிய வீடுகள் நம் ஊரில் இருக்கின்றன.

7. பொண்ணுக்கு 17 வயசு. மாசமா இருக்கா. போலீஸுக்குப் போகாம பார்க்க முடியுமா?

இந்தக் கேள்வியோடு வருகிற அம்மாக்களின் முகத்தைப் பார்க்கவே முடியாது. 18 வயதுக்குக் கீழ் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது மருத்துவரின் கடமை. தெரிவிக்காவிட்டால் அவர்மேலேயே வழக்கு வரும். பெண்ணும் பையனும் விரும்பித்தான் பழகினார்கள் என்றாலும் இது மாறாது.

ஆனால் உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று ஒரு வழி காட்டியது. சட்டப்படி கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை. இதைத் தெரிந்துகொண்டு, மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். போலீஸுக்குப் பயந்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்து, ரத்தப்போக்கு நிற்காமல் நள்ளிரவில் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

8. அப்பாவுக்குக் கேன்சர். "அவர்கிட்டச் சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்"னு சொன்னா டாக்டர் கேட்பாரா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், எளிதான பதில் இல்லாததும் இதுதான். மகன் ரிப்போர்ட்டோடு முதலில் தனியாக உள்ளே வருவார். "அப்பா வெளியில உட்கார்ந்திருக்கார். அல்சர்னு சொல்லியிருக்கோம், நீங்களும் அப்படியே சொல்லிடுங்க." இதில் இருப்பது பாசம். ஆனால் முதல் கேள்வியில் சொன்ன விதியை வைத்துப் பார்த்தால் நிலைமை தலைகீழாக இருக்கிறது: நோய் யாருடையதோ அவருக்குத் தெரியாது, மற்ற எல்லோருக்கும் தெரியும். 2002 விதிகள் நோயின் தீவிரத்தைக் கூட்டியும் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே என்கின்றன. நோயாளியின் நன்மைக்கு ஏற்ற அளவு அவரும் உறவினர்களும் அறிந்திருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆக, குடும்பத்தை ஒதுக்கச் சொல்லவில்லை; நோயாளியை ஒதுக்கவும் அனுமதிக்கவில்லை.

நடைமுறையில் மறைக்கவும் முடியாது. அல்சருக்கு யாரும் அடையாறுக்கு அனுப்புவதில்லை என்பது எழுபது வயது விவசாயிக்கும் தெரியும். 1954 முதல் அங்கே இருக்கும் புற்றுநோய் நிலையத்தால் நம் பேச்சில் அந்த ஊர்ப் பெயரே நோயின் பெயராகிவிட்டது. முடி கொட்டும், பக்கத்துப் படுக்கைக்காரர் பேச்சுக் கொடுப்பார். அப்போது அவருக்கு நோய் மட்டுமல்ல, வீட்டார் எல்லோரும் சேர்ந்து மறைத்ததும் தெரிய வரும். சமிரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மறந்துவிடக் கூடாது. தானே முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவருக்காக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது. அந்த வழக்கில் கையெழுத்துப் போட்டது தாய். கீமோவுக்குச் சம்மதிக்க வேண்டியது அப்பா என்றால், எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் செய்வது இது. மகனிடம், "நானாகப் போய்ப் போட்டு உடைக்க மாட்டேன். ஆனால் அவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அப்புறம் பெரியவரின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "உங்க உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பேன். "டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் நீங்களே தெரிஞ்சுக்க விரும்புறீங்களா, இல்ல பையன்கிட்டப் பேசிக்கவா?" என்பது அடுத்த கேள்வி. "அவனே பார்த்துக்கட்டும் டாக்டர்" என்று சொல்பவர்கள் உண்டு. அது அவருடைய முடிவு, அதை மதிப்பேன். "எனக்குத் தெரியும் டாக்டர், பசங்க பயப்படுவாங்கன்னுதான் தெரியாத மாதிரி இருக்கேன்" என்று சொல்பவர்களும் உண்டு.

9. மாப்பிள்ளை வீட்டைப் பத்தி அவங்க குடும்ப டாக்டர்கிட்ட விசாரிக்கலாமா?

விசாரிப்பார்கள், நன்றாகவே தெரியும். "பையனுக்கு வலிப்பு எதுவும் இல்லையே?", "பொண்ணு ஏதோ மனநல டாக்டர்கிட்டப் போச்சாமே?" என்று தெரிந்தவர் மூலமாகக் கேட்பார்கள். மருத்துவர் பதில் சொல்லக் கூடாது. "அப்படி ஒன்றும் இல்லை" என்று நல்லதாகச் சொல்வதும் தவறு. ஒருவரைப் பற்றி இல்லை என்றும் அடுத்தவரைப் பற்றி "தெரியாது" என்றும் சொன்னால், அந்தத் தெரியாதுக்கு என்ன பொருள் என்று ஊருக்குப் புரிந்துவிடும். எல்லோருக்கும் ஒரே பதில்: "என்னிடம் வருகிறவர்களைப் பற்றி நான் பேசுவதில்லை." மனநோய் என்றால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தைத் தனி உரிமையாகவே தந்திருக்கிறது.

இதில் ஒரு பழைய வழக்கு உண்டு. ரத்தம் கொடுக்கப் போனவருக்கு எச்.ஐ.வி. இருப்பது மருத்துவமனை வழியாக வெளியே தெரிந்து, நிச்சயித்த கல்யாணம் நின்றது. அவர் வழக்குப் போட்டார். 1998இல் உச்ச நீதிமன்றம், மணக்கவிருந்த பெண்ணின் உயிருக்கு ஆபத்து இருந்ததால் சொன்னது தவறில்லை என்றது. அந்தத் தீர்ப்பை வைத்து "கல்யாணம் என்றால் எதையும் சொல்லலாம்" என்று சிலர் இன்றும் நினைக்கிறார்கள். அது தவறு. குறிப்பிட்ட ஒருவருக்கு உயிராபத்து என்ற விதிவிலக்கின் கீழ்தான் அது வந்தது. வலிப்போ, சர்க்கரையோ, மனச்சோர்வோ அதில் வராது.

10. அப்படீன்னா எச்.ஐ.வி. இருந்தா பொண்டாட்டிகிட்டச் சொல்லிடுவாங்களா?

இப்போது இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது: 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம். முதலில் உங்களுக்கு ஆலோசனை தர வேண்டும், நீங்களே சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். துணைக்கு ஆபத்து கணிசமாக இருந்து, நீங்கள் சொல்லப் போவதில்லை என்று உறுதியானால்தான், "நான் சொல்லப் போகிறேன்" என்று உங்களிடம் அறிவித்துவிட்டு, மருத்துவரோ ஆலோசகரோ துணையிடம் நேரில் சொல்லலாம். துணையிடம் மட்டும்தான். உங்கள் அண்ணனிடமோ முதலாளியிடமோ சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கவும் கூடாது.

11. டிபின்னு சொன்னதும் பேரு, அட்ரஸ் எல்லாம் அரசாங்கத்துக்கு அனுப்பிட்டாங்க. இது ரகசியத்தை மீறினது இல்லையா?

இல்லை. காசநோயை அறிவிக்க வேண்டிய நோயாக 2012இல் ஆக்கினார்கள். தனியார் மருத்துவரும் தெரிவித்தே ஆக வேண்டும். ஆனால் அரசுக்குச் சொல்வதற்கு உள்ள அனுமதி தெருவுக்குச் சொல்வதற்கு இல்லை. களப்பணியாளர் வாசலில் நின்று நோயின் பெயரைச் சொல்லி அழைத்தால், அதைச் சுட்டிக்காட்டுங்கள். வேண்டிய இடத்தில் சந்திக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

12. விஷம் குடிச்சவங்க, அடிதடியில வந்தவங்க விஷயம்?

அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். என்ட்ரி, அதாவது விபத்துப் பதிவேட்டில் பதிவு, போடுவார்கள், காவல்துறைக்குத் தகவல் போகும். அதற்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது. உயிரைக் காப்பதுதான் முதலில் என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தற்கொலை முயற்சி என்றால், கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும் என்கிறது மனநலச் சட்டம். வழக்குக்குப் பயந்து மறைக்காதீர்கள். என்ன விஷம், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பது தெரிந்தால்தான் காப்பாற்ற முடியும். டப்பாவைக் கையோடு எடுத்து வாருங்கள். போலீஸிடம் சொல்வது கடமை, வாசலில் நிற்கும் நிருபரிடம் சொல்வது மீறல்.

13. ஆபரேஷன் போட்டோவை டாக்டர் இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கார். முகம் தெரியலை. பரவாயில்லையா?

அடையாளம் தெரியும்படி படத்தையோ நோய் விவரத்தையோ அனுமதியின்றி இதழ்களில் வெளியிடக் கூடாது என்கிறது 2002 விதி. ரீல்ஸ் இல்லாத காலத்து வாசகம் அது, ஆனால் அளவுகோல் இன்றும் பொருந்தும். முகம் மட்டும் அடையாளம் இல்லை. பச்சை குத்திய கை, ஊர்ப் பெயர், "நேற்று இரவு வந்த 24 வயது ஆசிரியை" என்ற வரி, இதில் எதுவும் போதும் சொந்தக்காரர் கண்டுபிடிக்க. உங்களைக் கேட்காமல் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்புவது பற்றியும் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி அங்கேயும் ரகசியக் கடமை அதேதான். பெரும்பாலும் கசிவது நம் பக்கத்திலிருந்துதான்: ரிப்போர்ட்டைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டு டாக்டரைச் சந்தேகப்பட முடியாது.

14. என் கேஸ் ஷீட்டைக் கேட்டா தரமாட்டேங்கிறாங்க. அது அவங்க ரகசியமாம்.

ரகசியம் உங்களுடையது, உங்களிடமிருந்து காப்பதற்கு இல்லை. நீங்களோ நீங்கள் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி விவரம் கேட்டால் மட்டும், கிளெய்ம் படிவத்தில் நீங்கள் போட்ட கையெழுத்தே அனுமதி என்று வைத்துக்கொள்வார்கள், படித்துவிட்டுப் போடுங்கள்.

15. ஆள் இறந்துட்டார். இனிமே சொன்னா என்ன?

உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனீவா உறுதிமொழி, நோயாளி இறந்த பின்னும் ரகசியத்தை மதிப்பேன் என்கிறது. சொத்துத் தகராறில் "அவர் கடைசியில் நினைவோடுதான் இருந்தாரா?" என்று கேட்டு வருவார்கள். நீதிமன்றம் கூப்பிட்டால் சொல்லுவேன். வக்கீலுக்குச் சட்டம் தரும் விலக்கு மருத்துவருக்குக் கிடையாது, அங்கே மறைக்க முடியாது. கிளினிக் திண்ணையில் வைத்து மகனுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டேன்.

16. சரி, டாக்டர் வெளியே சொல்லிட்டார்னு உறுதியாத் தெரியுது. எங்க புகார் பண்றது? எப்படி நிரூபிக்கிறது?

தமிழ்நாட்டில் பதிவு பெற்ற மருத்துவர் என்றால் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். அவருடைய பதிவு எண் மருந்துச் சீட்டிலேயே இருக்க வேண்டும், அதைக் குறிப்பிடுங்கள். விதிப்படி ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், நடைமுறையில் இழுக்கும். காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். உச்ச நீதிமன்றத்தின் 1995 தீர்ப்புக்குப் பிறகு மருத்துவச் சேவையும் அதில் அடக்கம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

நிரூபிப்பதுதான் கடினம். பல நேரம் சொன்னது டாக்டராக இருக்காது. ரிசப்ஷன், லேப், மெடிக்கல், சீட்டைப் பார்த்த ஆட்டோக்காரர் என்று வழி நிறைய. அதனால் புகாரில் ஊகத்தை எழுதாதீர்கள். யாரிடம், என்றைக்கு, எந்தச் சொற்களில் சொன்னார் என்பதையும், கேட்டவர் சாட்சி சொல்லத் தயாரா என்பதையும் எழுதுங்கள். குறுஞ்செய்தி, பதிவு, படம் இருந்தால் அழிவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். ஊழியர் சொன்னதாக இருந்தால் முதலில் மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சில் மருத்துவர்கள்மேல் மட்டும்தான் நடவடிக்கை எடுக்க முடியும்.